எடை சரி, இடுப்பு?

"எனக்கென்ன, நான் ஒல்லிதானே! எனக்கெல்லாம் சர்க்கரை எப்படி வரும்?" தஞ்சாவூர்ப் பக்கம் இப்படிக் கேட்கிற சகோதரிகள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். தராசு முள்ளை மட்டும் நம்புகிறவர்கள். டாக்டர்கள் இப்போது எடையோடு உயரத்தையும் கேட்கிறார்களே, ஏன்?

பி.எம்.ஐ. என்கிற கணக்குக்காகத்தான். உங்கள் எடையை (கிலோவில்) உயரத்தால் (மீட்டரில்) வகுங்கள். வந்த விடையை மறுபடியும் அதே உயரத்தால் வகுங்கள். ஐந்தடி உயரம் என்றால் 1.52 மீட்டர். எடை 58 கிலோ என்றால் விடை 25-ஐத் தொட்டுவிடும். இதே உயரத்துக்கு 43 முதல் 53 கிலோ வரை இருந்தால் நிம்மதி. 18.5-க்குக் கீழே போனால் அதுவும் கவலைதான். சோகை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் வைத்தியர் அல்ல. 1830-களில் பெல்ஜியத்துக் கணித மேதை குவெட்லே கண்டது. அதனால் இதற்குக் கொழுப்பு எது, தசை எது என்று தெரியாது. நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுகிற பெண்ணும், திண்ணையை விட்டு எழுந்திருக்காத அம்மாளும் ஒரே எண்ணில் நிற்கலாம்!

2004-ல் பூனா டாக்டர் யாஜ்னிக்கும் அவருடைய லண்டன் நண்பர் டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து பார்த்தார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் உடம்புக் கொழுப்பு? வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9 பங்கு, நம்மவருக்கு 21! பார்வைக்கு ஒல்லி, உள்ளே கொழுப்பு. இதனால்தான் மேலை நாடுகளில் 25 வரை சரி என்றாலும், நம் நாட்டு டாக்டர்கள் கூடி, நமக்கு 23-லேயே எச்சரிக்கை என்றார்கள்.

ஆகவே டேப்பையும் எடுங்கள். புடவை செருகும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டால் யாரை ஏமாற்றுகிறோம்? பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், தாண்டக் கூடாது. தாண்டினால், எடை சரியாக இருந்தாலும் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 25-ஐ எட்டியவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 31 பேர். 2019-21-ல் 40 பேர். சோற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவானேன்? உரலும் உலக்கையும் போய் மில் வந்தது, கிணற்று ராட்டினம் போய் மோட்டார் வந்தது. இலையில் குவிக்கிற சோறு மட்டும் குறையவில்லை. சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், மோருக்கு ஒரு தரம் என்று போட்டுக்கொள்வதில் ஒன்றைக் குறைத்து, கீரையோ சுண்டலோ கூட்டிக்கொள்ளுங்களேன். சாயங்காலம் அரை மணி வேக நடையும் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கர்ப்பத்துக்கு முந்தைய எடையைத்தான் டாக்டர் கேட்பார். பால் கொடுக்கும் தாய்மார் பட்டினி கிடந்து இளைக்க முயல வேண்டாம். குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற வளர்ச்சி அட்டவணை தனியே உண்டு. அங்கன்வாடியில் கேட்டால் காட்டுவார்கள்.