அபுதாபிக்கு அனுப்பும்போது இல்லாத மஹ்ரம்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் கொமென்ட் போட ஓடி வருகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முழுவதும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரு வாரமாக நம் ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு படம் சுற்றுகிறது. கொழும்புப் பக்கமுள்ள ஒரு நீர்விளையாட்டுப் பூங்கா. தங்குமிட வசதியும் உள்ள இடம். மணிக்கட்டு முதல் கணுக்கால் வரை மூடிய நீச்சல் உடுப்பும் தலையில் இறுக்கிய துணியுமாக ஒரு பெண், மஞ்சள் டியூபில் சறுக்கி வந்து தண்ணீரில் விழுகிறாள். வாய் கொள்ளாத சிரிப்பு. அந்தப் படத்தை அவள் தன் தங்கைக்கு மட்டும்தான் அனுப்பினாள். தங்கையின் போனிலிருந்து மச்சானின் போனுக்கு, மச்சானின் போனிலிருந்து ஊருக்கு.

படத்தோடு ஒரு வொய்ஸ் நோட். மஹ்ரம் இல்லாமல், புருஷன் இல்லாமல், தன்னந்தனியாகப் போய் ராத்தங்கித் தண்ணியில் கூத்தாடுகிற காலம் வந்துவிட்டது, பள்ளிவாசல் நிர்வாகம் நித்திரையா என்று கேட்கிறது அது. அதற்குக் கீழே "சரியாச் சொன்னீங்க ஹாஜியார்" வகையறாக்களை எண்ணிப் பார்த்தோம். நாற்பத்தி மூன்று பேர். இந்த நாற்பத்தி மூன்று பேரில் எத்தனை பேரின் வீட்டுக் கூரை ஓர் உம்மாவோ தாத்தாவோ மனைவியோ தனியாக வெளிநாடு போய் உழைத்த காசில் நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்.

அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றாள். ஊருக்குத் தெரியாத பெயரும் அல்ல.

எங்களிடம் தரம் ஒன்பது வரை படித்தவள். கணக்கில் கெட்டிக்காரி. கரும்பலகையில் நாங்கள் விடும் பிழையைக் கையுயர்த்திச் சொல்லுகிற பிள்ளை. தரம் பத்துக்கு வரவில்லை. உம்மாவோடு வந்து விடுகைப் பத்திரம் கேட்டாள். எழுதி, முத்திரை வைத்துக் கொடுத்தோம். ஏன் என்று கேட்கவில்லை. வாப்பா மௌத்தாகிவிட்டார், வீட்டில் மூன்றும் பெண் பிள்ளைகள், இவள் மூத்தவள். நம் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் மாப்பிள்ளை எடுக்க முடியாது. கேட்காமலே தெரிந்த காரணம் அது. அந்தப் பத்திரத்தில் ஒப்பம் வைத்த கைகளும் ஆசிரியர்களாகிய எங்களுடையவைதான், அதை மறைக்கப் போவதில்லை.

பத்தொன்பது வயதில் விமானம் ஏறினாள். சப் ஏஜென்ட் பாஸ்போட்டில் நாலு வயதைக் கூட்டிப் போட்டிருந்தான். குவைத், பிறகு ரியாத், கடைசிப் பதினொரு வருடம் அபுதாபி. இரண்டு தங்கைகளுக்கும் வீடு, நகை, கல்யாணம் எல்லாம் அவள் கணக்கு. இடையில் அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அதைப் பற்றிப் பேசாமல் விடுவது அவளுக்கும் நல்லது, அந்த மனிதருக்கு அதைவிட நல்லது.

அவள் முதன்முதலில் கட்டுநாயக்கவுக்கு வெளிக்கிட்ட இரவு நம்மில் யார் மஹ்ரமாகப் போனோம்? குவைத்தில் அவள் தங்கிய வீட்டில் அவளுக்கு யார் மஹ்ரம்? ரியாதில் நடுச்சாமம் பன்னிரண்டு மணிக்குக் குசினியைக் கழுவிக்கொண்டிருந்தபோது எந்த ஹாஜியார் வொய்ஸ் நோட் போட்டார்?

பள்ளிவாசல் மேல்மாடி கட்டியபோது அபுதாபியிலிருந்து அவள் அனுப்பியது இரண்டு இலட்சம். ரசீது யார் பெயரில் எழுதப்பட்டது தெரியுமா? மச்சானின் பெயரில். ஆம், படத்தை ஊருக்கு அனுப்பிய அதே மச்சான். பொம்பளைப் பேரில் ரசீது எழுதுகிற வழமை இல்லை என்று அன்று சொன்னார்கள். காசு வாங்குகிற வழமை இருந்தது.

மூதூர் ரிசானா நபீக்கை மறந்துவிட்டோமா? 2005இல் பதினேழு வயதுப் பிள்ளையை இருபத்தி மூன்று என்று பாஸ்போட்டில் எழுதி ஸவூதிக்கு அனுப்பினார்கள். போய்ச் சில நாட்களில் ஒரு கைக்குழந்தையின் மரணத்துக்காகக் கைதானாள். பால் கொடுக்கும்போது புரையேறியது என்று சொன்னாள். ஏழு வருடத்துக்கு மேல் சிறையில் வைத்து 2013 ஜனவரி 9ஆம் திகதி தலை வெட்டினார்கள். அன்று நாமெல்லாம் அழுதோம், துஆக் கேட்டோம். அந்தப் பிள்ளை தனியாகப் போனதே தப்பு என்று யாராவது சொன்னோமா? சொல்ல வாய் வராது. ஏனென்றால் அது உழைக்கப் போன பிள்ளை. தனியாகப் போகும் பெண் நமக்குக் காசு அனுப்பினால் அது தியாகம். தன் காசில் தனக்காக ஒரு நாள் சிரித்தால் அது பித்னா.

அபுதாபிக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். அங்கே யாஸ் தீவு என்று இருக்கிறது. 2010இல் ஃபெராரி வேர்ல்ட், 2013இல் யாஸ் வோட்டர்வேர்ல்ட், 2018இல் வோர்னர் பிரதர்ஸ் என்று அடுத்தடுத்துத் திறந்தார்கள். பக்கத்திலேயே ஹொட்டல்கள். ஃபெராரி வேர்ல்டில் ஃபோர்முலா ரோசா என்றொரு ரோலர் கோஸ்டர். ஐந்து செக்கனுக்குள் 240 கிலோமீற்றர் வேகம் பிடிக்கும். திறந்தபோது உலகத்திலேயே வேகமானது அதுதான். காற்றும் மணலும் கண்ணில் அடிக்காமலிருக்க ஏறுகிறவர்களுக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். இதெல்லாம் எங்களுக்கு அவள் சொல்லித்தான் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளோடு ஒன்பது பத்துத் தடவை அங்கே போயிருக்கிறாள்.

"ஏறினீங்களா?" என்று கேட்டோம்.

"எங்க சேர் ஏறுற? மூணு புள்ளையள்ட சப்பாத்து, தண்ணிப் போத்தல், கைப்புள்ளைட வண்டில், மேடத்துட ஹேண்ட்பேக். இதெல்லாத்தையும் வெச்சிக்கிட்டு வெளியில வார வாசல்ல நிப்பன். வந்தா தொடைக்கத் துவாய் குடுக்கணும்."

அந்த வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் அல்ல என்று அவளே சொல்கிறாள். சம்பளம் ஒழுங்காக வந்தது. பூங்காவுக்குள் போக அவளுக்கும் டிக்கட் எடுத்தார்கள். சாமான் சுமக்க ஆள் உள்ளே வர வேண்டுமே.

கடைசியாக ஊரோடு வந்த பிறகு, போன வருடம் தங்கைகளின் குடும்பங்கள் வேன் பிடித்துப் பாசிக்குடாவுக்கு ட்ரிப் போனபோது இவளையும் கூட்டிப்போனார்கள். நம் ஊர் ட்ரிப் எப்படி என்று தெரியும்தானே. சுபஹுக்கு முன்னரே எழும்பிச் சோறு ஆக்கி, பார்சல் கட்டி, பாய் எடுத்து, ஃப்ளாஸ்க் எடுத்து ஏற வேண்டும். ஆண்களும் பிள்ளைகளும் கடலில். பெண்கள் கரையில் செருப்பு, போன், பேர்ஸ், ஊட்டாத சோறு. இவள் மற்றப் பெண்களும் கால் நனைக்கட்டும் என்று அவர்களின் கைக்குழந்தைகளையும் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தாள். "ஆசையா இருந்தா எங்களோட வந்திருக்கலாமே" என்று இப்போது கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில். உங்களோடு வந்தாளே.

அதனால் தனியாகப் போனாள். கல்முனையிலிருந்து ராத்திரி பஸ். காலையில் இறங்கி, இன்னொரு பஸ். கவுண்டரில் இருந்த பிள்ளை "கீ தெனெக்த?" என்று கேட்டதாம். "எக்கெனாய்" என்றாள். அந்தப் பிள்ளை மறுபடியும் கேட்டது, இவள் மறுபடியும் சொன்னாள். அறைக்குப் பதியும்போது "மஹத்தயா கோ?" இல்லை என்றாள். அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சிங்களத்திலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் என்ன செய்தாள் தெரியுமா? உடுப்பு மாற்றிவிட்டுத் தடாகத்துக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் ஒரு சிங்களக் குடும்பம் வந்தது. கொஞ்சம் பையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அந்தத் தாய் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டாள். பை, துவாய்கள், ஒரு சோடிச் சின்னச் சப்பாத்து. முக்கால் மணித்தியாலம் அதற்குக் காவல் இருந்திருக்கிறாள். பிள்ளைகள் தண்ணீரிலிருந்து வந்தபோது, இவளாகவே எழும்பித் துவாயை எடுத்து நீட்டினாளாம். அந்தத் தாய்க்கு வெட்கமாகிவிட்டது. "அக்கே நான்னே நெத்த?" என்று கேட்டாளாம், அக்கா நீங்கள் குளிக்கவில்லையா என்று.

"அப்பதான் சேர் எனக்கு விளங்கினிச்சி. நானும் டிக்கட் எடுத்துத்தான் வந்த."

இதை எங்களிடம் சொல்லும்போது அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தத் தாய்தான் இவளின் போனை வாங்கிப் படம் எடுத்தது. டியூபில் இருவர் இருக்க வேண்டும் என்பதால் அந்தக் குடும்பத்து மூத்த பெண்பிள்ளை இவளோடு ஏறியது. உற்றுப் பாருங்கள், படத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கை தெரியும். ஊர் அந்தக் கையைப் பார்க்கவில்லை. ஏழு தடவை சறுக்கினாளாம். லுஹரும் அஸரும் அறைக்குப் போய்த் தொழுதாள். இராத்திரி தனி அறையில், யாரும் மணியடித்துக் கூப்பிடாத கட்டிலில், சுபஹு வரை நித்திரை.

இனி மார்க்கத்துக்கு வருவோம். நாங்கள் மௌலவிமார் அல்ல, ஃபத்வா கொடுக்க வரவில்லை. நம் ஷாஃபிஈ மத்ஹபில் கடமையல்லாத நீண்ட பயணத்தைப் பெண் தனியாகச் செய்வதை ஏற்காத கருத்தே பலமானது என்பது எங்களுக்கும் தெரியும். பாதை பாதுகாப்பாக இருந்தால் போகலாம் என்ற அறிஞர்களும் இருக்கிறார்கள். ஹீரா நகரிலிருந்து ஒரு பெண் அல்லாஹ்வைத் தவிர யாருக்கும் பயப்படாமல் கஃபாவுக்குப் பயணம் வருவாள் என்று நபி (ஸல்) அவர்கள் அதீ இப்னு ஹாதிம் (ரலி) அவர்களிடம் சொன்ன செய்தியை அவர்கள் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஸவூதியே 2019இல் இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பொறுப்பாளரின் அனுமதியில்லாமல் பாஸ்போட் எடுக்கலாம், பயணம் போகலாம் என்றாக்கியது. 2022இல் அவர்களுடைய ஹஜ் அமைச்சர் மஹ்ரம் இல்லாமலும் பெண்கள் வரலாம் என்றார். ரியாதுக்குப் பக்கத்தில் கித்தியா என்று ஒரு கேளிக்கை நகரத்தையே கட்டுகிறார்கள். ஸவூதி செய்வதெல்லாம் மார்க்கம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் பிறை பார்ப்பது முதல் அபாயாவின் நிறம் வரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்கள் இதற்கு மட்டும் ஏன் முகத்தைத் திருப்புகிறீர்கள்?

மஹ்ரம் சட்டத்தை மனமார நம்புகிறவரோடு எங்களுக்குச் சண்டை இல்லை. அப்படி ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். மகளை வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லி, மாடு வளர்த்து, கடன்பட்டு, சீதனம் கேட்டவர்களைத் திருப்பி அனுப்பி, கடைசியில் சீதனமில்லாத மாப்பிள்ளைக்கே கொடுத்தார். அவர் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் தலைகுனிந்து கேட்போம். சீதன வீட்டில் படுத்துக்கொண்டு வொய்ஸ் நோட் போடுகிறவருக்கு அந்த மரியாதை கிடையாது.

பயம் என்றால் அதுவும் நியாயம். ராத்திரி பஸ்ஸில் தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டுக்காரன் என்ன செய்வான் என்பது நம் மாணவிகளுக்கு நன்றாகத் தெரியும், கம்பஸ் போய்வரும் பிள்ளைகள் ஊக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அந்தக் கைகளைப் பற்றி எத்தனை ஜும்ஆவில் பேசியிருக்கிறோம்? ஒன்று ஞாபகம் வருகிறதா? எங்களுக்கு வரவில்லை.

2024இல் மட்டும் வெளிநாட்டில் உழைக்கிறவர்கள் இந்த நாட்டுக்கு அனுப்பியது 650 கோடி டொலருக்கு மேல். 2022இல் எரிபொருள் வரிசையில் நின்றபோது நாடே அவர்களின் டொலரைக் கெஞ்சிக் கேட்டது. அதே வருடம்தான் வீட்டுப் பணிப்பெண்களாகப் போகிறவர்களின் குறைந்தபட்ச வயதை அரசு இருபத்தொன்று ஆக்கியது, ஸவூதிக்கும் சேர்த்து. இருபத்தொரு வயதுப் பிள்ளை தனியாக ரியாத் போகலாம். நாற்பது தாண்டியவள் கொழும்புப் பக்கம் போய்த் தண்ணீரில் இறங்கக் கூடாது. இப்படி ஒரு கணக்கை நாங்கள் எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

படத்தைப் பரப்பியவர்களுக்கு: உங்கள் போனிலிருந்து அழியுங்கள், குழுமத்திலிருந்தும் எடுங்கள். அனுமதியில்லாமல் ஒரு பெண்ணின் படத்தைப் பரப்புவது ஹலாலா ஹராமா என்பதையும் அதே ஹாஜியாரிடம் ஒரு வொய்ஸ் நோட்டில் கேட்டுப் பாருங்கள்.

மற்றது, மேல்மாடி ரசீது. பழைய ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை இன்னும் பள்ளிவாசல் அலுமாரியில் இருக்கிறது, விசாரித்துவிட்டோம். அதில் மச்சானின் பெயரை வெட்டி அவளின் பெயரை எழுதச் சொல்லி வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நாங்கள் நாலு பேர் நிர்வாகத்தைச் சந்திக்கிறோம். இதேபோல உம்மாவின் காசுக்கு வாப்பாவின் பெயரிலும், தாத்தாவின் காசுக்குத் தம்பியின் பெயரிலும் ரசீது வைத்திருப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள்.