எக்ஸ் என்பது மாம்பழம் அன்று

‘எனக்குக் கணக்கு வராது’ என்று தமிழ் எழுத்தாளர் ஒருவர் மேடையில் சொன்னால் அரங்கம் சிரித்து மகிழ்கிறது. ‘எனக்குத் தமிழ் வராது’ என்று கணக்காசிரியர் ஒருவர் சொன்னால் நாம் கொதித்தெழுகிறோம். இந்த ஓரவஞ்சனைக்கு விலை கொடுப்பவர்கள் பதினோரு வயதுப் பிள்ளைகள். இயற்கணிதத்தின் முதல் பாடம் அடிப்படையில் ஒரு மொழிப்பாடம். மொழி அறிந்தோர் அதைக் கைகழுவிவிட்டதால்தான் அது மனப்பாடச் சடங்காகச் சீரழிந்து கிடக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் இயற்கணிதம் ஆறாம் வகுப்பில் அறிமுகமாகிறது. பாடநூலோடு எனக்குச் சண்டையில்லை. அதைச் சுருக்கி ஊட்டும் குறுக்குவழியோடுதான் சண்டை. ‘3எக்ஸ் என்றால் மூன்று மாம்பழம், 2ஒய் என்றால் இரண்டு வாழைப்பழம், இரண்டையும் கூட்ட முடியுமா? முடியாது.’ பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது. விளங்கியது பொய். பின்னர் எக்ஸையும் ஒய்யையும் பெருக்கச் சொல்லும்போது மாம்பழத்தை வாழைப்பழத்தால் எப்படிப் பெருக்குவது? எழுத்து ஓர் எண்ணைக் குறிக்கிறது. அது மாம்பழங்களின் எண்ணிக்கையாகவோ விலையாகவோ எடையாகவோ இருக்கலாம். மாம்பழமாக மட்டும் இருக்க முடியாது.

இதைச் சொல்லித்தர விருத்தாசலத்தைவிடத் தோதான ஊர் இல்லை. நெய்வேலிச் சுரங்கக் களிமண் பக்கத்திலேயே கிடைப்பதால் வளர்ந்த பீங்கான் நகரம் அது. பொம்மையும் அகல்விளக்கும் மின் ஃபியூஸ் கட்டையும் அங்கே சூளையேறுகின்றன. களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். ஆகவே அச்சு, பொம்மையைவிடப் பெரிதாக இருந்தாக வேண்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு சுருங்குவதாக வைத்துக்கொள்வோம். அச்சின் நீளம் ‘ந’ அங்குலம் என்றால் பொம்மையின் நீளம் 9ந/10 அங்குலம். இதுதான் கோவை. இதில் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. எந்த அளவு அச்சுக்கும் பொருந்தும் ஒரு கூற்று, அவ்வளவே. (‘ந’ என்றெழுதியதில் குற்றமுமில்லை. எக்ஸைப் பரப்பியது 1637-இல் வெளிவந்த தெக்கார்த்தின் வடிவியல் நூல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்தியக் கணிதர்கள் அறியா எண்களை நிறங்களின் பெயரால் அழைத்தார்கள்.)

பத்து அங்குலப் பொம்மை வேண்டும் என்று ஒருவர் கேட்கும்போதுதான் சமன்பாடு பிறக்கிறது. சுருங்குவது பத்தில் ஒரு பங்குதானே என்று பதினோரு அங்குல அச்சு செய்தால் பொம்மை 9.9 அங்குலத்தில் நின்றுவிடும். வேண்டியது 100/9 அங்குலம்; அதாவது பதினொன்றும், ஒன்பதில் ஒரு பங்கும். கோவையை வாசிக்கத் தெரிந்தவர் இந்தப் பிழையைச் சூளைக்கு முன்பே பிடித்துவிடுவார். நாமோ வாசிக்கக் கற்றுத்தராமலே ‘எக்ஸின் மதிப்பைக் காண்க’ என்று பிள்ளைகளை விரட்டுகிறோம்.

‘கோவை’ என்ற சொல் நம் இலக்கியவாதிகளுக்குப் புதிதா என்ன? திருக்கோவையாரின் 400 பாடல்களிலும் பாட்டுடைத்தலைவன் தில்லைச் சிவன்; அவன் மாறுவதில்லை. காதலிக்கும் கிளவித்தலைவனுக்கோ பெயரே கிடையாது. அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. பெயர் இல்லாததால்தான் அவ்விடத்தில் எவரும் நிற்கலாம். மாறிலியையும் மாறியையும் விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா? பெயரில்லாத தலைவனைக் கொண்டாடும் நாம் பெயரில்லாத எண்ணைக் கண்டு ஓடுகிறோம்.

எண் வகைகளுக்கும் இதே கதிதான். இயல் எண்கள், முழு எண்கள், முழுக்கள், விகிதமுறு எண்கள், விகிதமுறா எண்கள் என்று வம்சாவளி போல ஒப்பிக்க வைக்கிறோம். முந்தைய வகையால் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வி எழுந்தபோதுதான் அடுத்த வகை தேவைப்பட்டது என்பதைச் சொல்வதேயில்லை. சூளையிலிருந்து இறக்கிய விளக்குகளை எண்ண இயல் எண்கள் போதும். அத்தனையும் வெடித்துப்போன நாளுக்குப் பூச்சியம் வேண்டும். கார்த்திகைக்காக முன்பணம் வாங்கி இன்னும் சரக்கு அனுப்பாதவரின் கணக்குக்குக் குறை எண் வேண்டும். பிரம்மகுப்தர் 628-இல் செல்வம், கடன் என்ற சொற்களைக் கொண்டே அதன் விதிகளை எழுதினார். சுந்தரர் இவ்வூர் மணிமுத்தாற்றில் 12,000 பொன்னை இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்கிறது புராணம். ஆற்றில் −12,000, குளத்தில் +12,000; கூட்டினால் பூச்சியம். அச்சின் நீளத்துக்கு 100/9 என்ற விகிதமுறு எண் வேண்டியிருந்தது. ஓரடிச் சதுரப் பீங்கான் பலகையை மூலைக்கு மூலை அறுத்தாலோ, அந்த வெட்டின் நீளம் 2-இன் வர்க்கமூலம். எந்தப் பின்னமும் அதைச் சரியாகச் சொல்லாது.

எதிர்வாதங்கள் தெரிந்தவையே. ‘தேர்வுக்கு உதவுமா?’ என்பார்கள். மாம்பழக் கதை ஆறாம் வகுப்புத் தேர்வைத் தாண்டிவிடும். பத்தாம் வகுப்பில் கழுத்தைப் பிடிக்கும். ‘தமிழ்க் கலைச்சொற்கள் கடினம்’ என்பார்கள். ஆங்கிலவழிப் பிள்ளைக்கும் அதே பழக்கூடைதான் தரப்படுகிறது. சொல்லில் குறையிருந்தால் திருத்துவோம்: ‘குறை எண்’ என்றால் ஏதோ ஊனம் தொனிக்கிறது, இலங்கைப் பாடநூல்கள் ‘திசைகொண்ட எண்கள்’ என்கின்றன. அந்த ஒரு சொல்லிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. மூன்றாமவர் பழம்பெருமைக்காரர். முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு, அதற்குக் கீழே கீழ்முந்திரியும் உண்டு என்று பூரிப்பவர். எண்சுவடிப் பிள்ளைகளும் மனப்பாடம்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் ஓதியவை நெல்லையும் நிலத்தையும் அளந்த அளவைகள். அந்தத் தொடர்பை மறந்துவிட்டு மார்தட்டுவதால் எந்தப் பிள்ளைக்கும் 100/9 விளங்கப் போவதில்லை.

ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றே. முதல் இரண்டு வாரங்களுக்கு ‘மதிப்பைக் காண்க’ என்ற தொடரை வகுப்புக்குள் விடாதீர்கள். கோவைகளைத் தமிழ் வாக்கியங்களாகவும், தமிழ் வாக்கியங்களைக் கோவைகளாகவும் பெயர்க்கச் சொல்லுங்கள். இலக்கிய நண்பர்களுக்கும் ஒன்று: மொழிபெயர்ப்பு நம் துறை. இனியும் ‘கணக்கு வராது’ என்று நழுவ வேண்டாம்.