தலைவாஸ்: தலை மாறுது, தலையெழுத்து மாறலையே!

புரோ கபடி சீசன் ஆரம்பித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்த டீக்கடையில் நின்றாலும் ஒரே கதைதான்.

முதல் வாரம்: "மாப்ள, இந்த வருஷம் கப்பு நமக்குத்தான்டா!"

மூன்றாவது வாரம்: "கப்பு கெடக்கட்டும், பிளே ஆஃப் வந்தாப் போதும்ணே."

ஆறாவது வாரம்: "ஏப்பா, அந்த டிவிய ஆஃப் பண்ணிட்டு பாட்டப் போடு."

2017-ல் தமிழ் தலைவாஸ் பிறந்ததிலிருந்து கிட்டத்தட்ட எல்லா வருஷமும் இதே படம்தான், இதே கிளைமாக்ஸ்தான். ரசிகர்களுக்கு வசனமே மனப்பாடம் ஆகிவிட்டது. நிர்வாகத்துக்கு மட்டும் இன்னும் கதை புரியவில்லை.

கிரிக்கெட் ரசிகனின் கோபத்தையும் கபடி ரசிகனின் கோபத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேனி மாவட்டத்துக்கு கபடி டிவி வழியாக வந்த விளையாட்டு இல்லை. பொங்கல் வந்தால் கபடி, கோயில் திருவிழா வந்தால் கபடி. மந்தையில் மண்ணைக் கொத்திக் கோடு போட்டு, சுற்றி லைட்டைக் கட்டி, விடிய விடிய மின்னொளி கபடி. பரிசாகக் கொஞ்சம் ரொக்கம், ஒரு சுழற்கோப்பை. ஊர்ப் பெயர் அச்சடித்த பனியன் போட்டு அங்கே ரெய்டு போகும் பையனில் பாதிப் பேர் அதிகாலையில் ஜீப் பிடித்து குமுளி மலை ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவன். முழங்காலில் தோல் உரிந்திருக்கும், அடுத்த நாள் கூலியும் போய்விடும். ஆனாலும் விளையாடுவான். அவனிடம் போய் "இதெல்லாம் வெறும் என்டர்டெயின்மென்ட் பாஸ்" என்று சொல்லிப் பாருங்கள்! டிவியில் 'தமிழ்' என்ற பெயரோடு ஒரு அணி இறங்கும்போது அவன் பார்ப்பது ஒரு கம்பெனியின் டீமை அல்ல. தன் விளையாட்டுக்குக் கிடைத்த ஒரே ஒரு பெரிய மேடையை.

அந்த மேடையில் நடந்ததற்கு ஒரு கணக்கு:

2017, 2018 – இரண்டு வருஷமும் மண்டலத்தில் கடைசி இடம்.
2019 – 12 அணியில் 12-வது.
2021-22 – 11-வது.
2022 – அரையிறுதி. (நிஜமாகத்தான்!)
2023-24 – 9-வது.
2024 – மறுபடி 9-வது.
2025 – முதல் 8 இடத்துக்குள் வந்தாலே அடுத்த சுற்று உண்டு என்ற நிலையிலும் வெளியே.

எட்டு சீசனில் ஒரே ஒரு தடவைதான் லீக் சுற்றைத் தாண்டியிருக்கிறார்கள். இதைத் துரதிர்ஷ்டம் என்று சொன்னால் துரதிர்ஷ்டமே கோபித்துக்கொள்ளும்.

தோற்கும்போதெல்லாம் ரசிகர்கள் போடும் முதல் கோஷம் "கோச்சைத் தூக்கு!" நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான கோஷம் வேறு கிடையாது. உடனே தூக்கிவிடுவார்கள். எட்டு சீசனில் தலைமைப் பயிற்சியாளர் ஐந்து முறை மாறியிருக்கிறார். அதில் இரண்டு தடவை, 2019-லும் 2022-லும், சீசன் பாதியிலேயே. முதல் இரண்டு வருஷம் கே. பாஸ்கரன். 2019-ல் இ. பாஸ்கரன். அவர் நடுவில் விலக, உதயகுமார். 2022-ல் அவர் போய் அஷன் குமார். 2024-ல் மறுபடி உதயகுமார், கூடவே தர்மராஜ் சேரலாதன். 2025-ல் சஞ்சீவ் பாலியான்.

இந்த லிஸ்ட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கே. பாஸ்கரன் 2014-ல் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். இ. பாஸ்கரன் 2015-ல் யு மும்பாவுக்கு. சஞ்சீவ் பாலியான் 2022-ல் மறுபடி ஜெய்ப்பூருக்கு. ஆக, இந்த அணிக்கு வந்த மூன்று பேர் வேறு ஊரில் கப்பு ஜெயித்த கோச்சுகள்! அங்கே ஜெயித்தவர்களுக்கு இங்கே வந்ததும் கபடி மறந்தா போச்சு? ஒரு கோச் தோற்றால் கோச்சைச் சந்தேகப்படலாம். கப்பு வாங்கிய மூன்று கோச்சுகளும் ஒரே இடத்தில் வந்து தோற்றால் அந்த இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கம்பம் பக்கத்து விவசாயிக்கு இது சட்டென்று புரியும். ஜூன் மாதம் பெரியாறு தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். நாற்றங்கால் சரியில்லாமல் நட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்சுகிற ஆளை மட்டும் வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்தால் நெல் விளையுமா? ஆளை மாற்றுவது சுலபம். நாற்றைத் தேர்ந்தெடுத்தவன்தான் பதில் சொல்ல வேண்டும். இங்கே நாற்றைத் தேர்ந்தெடுப்பது ஏலத்தில் உட்காரும் நிர்வாகம்.

அந்தத் தேர்வு எப்படி இருந்தது?

2018-ல் அஜய் தாக்கூரோடு மஞ்சித் சில்லர், ஜஸ்வீர் சிங். 2019-ல் கூடுதலாக ராகுல் சவுத்ரி. எல்லாமே பெரிய பெயர்கள், போஸ்டரில் போட்டால் அமர்க்களமாக இருக்கும். இப்படிப் பெரிய பெயர்கள் ஒன்றாக விளையாடிய 2019-ல்தான் 12-க்கு 12-வது இடம்! விளம்பரத்திலும் குறை வைக்கவில்லை. 2017-ல் உரிமையாளர்களில் ஒருவராக சச்சின் டெண்டுல்கர், தூதராக கமல்ஹாசன், அடுத்த வருஷம் விஜய் சேதுபதி. எல்லாம் இருந்தது, ரைட் கார்னரும் லெஃப்ட் கார்னரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு சேர்ந்து பிடிக்கிற டீம் மட்டும் இல்லை. கபடி ஏழு பேர் கைகோர்த்து நிற்கிற ஆட்டம். ஏழு ஹீரோவை ஒரே படத்தில் போட்டால் என்ன ஆகும் என்று கோடம்பாக்கத்தில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

இதைவிட வயிற்றெரிச்சல், கையை விட்டுப் போனவர்களின் கதை. பிரபஞ்சன் 2017-ல் தலைவாஸில் விளையாடிய தமிழ்நாட்டுப் பையன். விட்டுவிட்டார்கள். 2019-ல் தலைவாஸ் கடைசி இடம் வாங்கிய அதே சீசனில் கோப்பை வாங்கிய பெங்கால் அணியில் அவர் இருந்தார். அஜித் குமார் 2019-ல் தலைவாஸ் ரெய்டர். அவரையும் விட்டார்கள். 2022-ல் ஜெய்ப்பூர் கோப்பை வாங்கியபோது அந்த அணியில் அவர். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் 2016-ல் பாட்னாவுக்கே கேப்டனாக இருந்து கப்பு ஜெயித்துக் கொடுத்தவர். அடுத்த வருஷம் 'தமிழ்' என்ற பெயரில் ஒரு அணி பிறந்தபோது அவர் புனே சட்டையில் நின்றார். பாட்னாவுக்கும் ஜெய்ப்பூருக்கும் கல்கத்தாவுக்கும் தெரிந்தது சொந்த வீட்டுக்குத் தெரியவில்லை.

"தமிழன் மட்டும்தான் விளையாடணும்னு சொல்றீங்களா? இது இனவெறி இல்லையா?" என்று சிலர் கிளம்புவார்கள். இல்லை சார். அஜய் தாக்கூர் இமாச்சலக்காரர். அவர் கையை உயர்த்திக்கொண்டு ரெய்டு போனபோது உத்தமபாளையத்தில் விசில் அடிக்காத ஆள் யார்? 2022-ல் நரேந்தர் என்ற ஹரியானாப் பையன் முதல் சீசனிலேயே 200 புள்ளிக்கு மேல் குவித்தபோது இந்த ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடியது. எந்த ஊர்க்காரன் என்பது கேள்வியே இல்லை. நல்ல ஆளை அடையாளம் காணத் தெரிகிறதா, கண்டபிறகு வைத்துக்கொள்ளத் தெரிகிறதா என்பதுதான் கேள்வி. எட்டு சீசனின் பதில் மேலே பட்டியலில் இருக்கிறது.

"2022-ல் அரையிறுதி வந்தாங்களே?" என்பது அடுத்த வாதம். வந்தார்கள். எப்படி வந்தார்கள்? 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசனை விட்டே போனார். அது யார் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு அணியைச் சுமந்தது பெயர் தெரியாத பையன்கள்: நரேந்தர், அஜிங்க்யா பவார், சாகர், சாஹில். உ.பி. அணியோடு சமனாகி டைபிரேக்கரில் ஜெயித்து, அரையிறுதியில் புனேவிடம் 37–39 என்று இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்தத் தோல்விக்கு யாரும் திட்டவில்லை, கை தட்டினார்கள். ரசிகன் கேட்பது கப்பு மட்டும் இல்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

அந்தப் பையன்களை அடுத்த சீசனும் வைத்துக்கொண்டது சரியான முடிவு. ஆனால் 9-வது இடம் வந்ததும் நிர்வாகத்தின் பொறுமை காலி. அஷன் குமார் போனார். 2024 ஏலத்தில் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி, அந்த வருஷத்தின் மிகப்பெரிய விலை. பலன்? 9-லிருந்து 9! திராட்சைக் கொடி வைத்தவன் பந்தல் போட்டு, முதல் காய்ப்பு பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறான். நடுவில் ஒரு வெள்ளாமை சரியாக வரவில்லை என்று கொடியைப் பிடுங்கிப் போடுகிறவனுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் வேறு பெயர்.

2025-க்கு வருவோம். பவனைத் திரும்பக் கொண்டுவந்து கேப்டன் ஆக்கினார்கள். ஜெய்ப்பூரின் கோப்பை ரெய்டர் அர்ஜுன் தேஷ்வால், கோப்பை கோச் பாலியான், எல்லாரும் வந்தாயிற்று. டீக்கடையில் மறுபடி "கப்பு நமக்குத்தான்டா." செப்டம்பரில், சென்னை ஆட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே, ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி கேப்டனை வீட்டுக்கு அனுப்பியது நிர்வாகம். பவன் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பது வேறு பஞ்சாயத்து. ஆனால் சீசன் நடுவில் கேப்டனும் அணியும் இந்த நிலைக்குப் போகும்வரை நிர்வாகம் என்ன செய்துகொண்டிருந்தது? போடியிலிருந்து ராத்திரி ரயில் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுச் சென்னைக்குப் போகிற ரசிகனுக்கு நாலு வரி அறிக்கைதான் மரியாதையா?

குறை சொல்வது சுலபம், வழி சொல் என்பார்கள். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை.

ஒன்று, கோச்சுக்கு மூன்று சீசன் எழுதிக் கொடுங்கள். ஏலத்தில் யாரை எடுப்பது என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு தோற்றால் தாராளமாகத் தூக்குங்கள்.

இரண்டு, ஏலத்துக்கு வெளியே புதிய இளம் வீரர்களை எடுத்துக்கொள்ள லீக் விதியே இடம் தருகிறது. நரேந்தர் அப்படித்தான் வந்தார். "ஏலத்துல கிடைக்கலை" என்ற சாக்கு இங்கே செல்லாது. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியா தங்கம் வாங்கியபோது அணியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். ஊர்ப் பக்கம் ஆள் இல்லை என்று யாராவது இனி சொல்ல முடியுமா? பொங்கல் சமயத்தில் ஒரு ஆள், ஒரு நோட்டு, ஒரு பேனா... தெற்கே ஒரு ரவுண்டு வந்தால் போதும்.

மூன்று, சீசன் முடிந்ததும் ரசிகர்கள் முன்னால் உட்கார்ந்து என்ன தப்பு நடந்தது என்று வாய் திறந்து பேசுங்கள்.

"அவங்க காசு, அவங்க டீம், உங்களுக்கு என்ன?" என்று கேட்கிறவர்களுக்கு ஒரே பதில்தான். காசு அவர்களுடையது. பெயர் இவர்களுடையது. வேறு எந்தப் பெயரையாவது வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கடைசியில் வரட்டும், இந்தப் பக்கம் ஒருவரும் கேட்கப் போவதில்லை.

அடுத்த பொங்கலுக்கும் மந்தையில் லைட் எரியும். ஏலத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு பையன் ஆறு பேர் நிற்கும் கோட்டுக்குள் தனியாகப் போய் போனஸ் தொட்டுவிட்டுத் திரும்பி வருவான். ஊரே கத்தும். காலையில் அவன் மறுபடி ஜீப்பில் ஏறிப் போய்விடுவான். அவனைப் பார்க்க வேண்டிய ஆள் அன்றைக்காவது வருவாரா?