தம்பானூரில் எந்தக் கதவைத் தட்டுவது?

கொல்லம் மாவட்டம் சவரா கொற்றன்குளங்கரை தேவி கோயிலில் மீன மாதம் 10, 11 தேதிகளில் நடக்கும் சமயவிளக்குத் திருவிழாவைப் பார்த்தவர்கள் லேசில் மறக்கமாட்டார்கள். சமயம் என்றால் அங்கே ஒப்பனை. ஆயிரக்கணக்கான ஆண்கள் புடவை கட்டி, பூ வைத்து, வளையல் போட்டு, கையில் விளக்கேந்தி அம்மன் வருகைக்காக வரிசையில் நிற்பார்கள். இளவட்டங்கள் மட்டுமல்ல, பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. கூட வந்த மனைவியே கொசுவம் மடித்துச் சொருகிவிடுவார். ஒப்பனைக்காரர்களுக்கு அன்றைக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. பத்திரிகைகள் பக்கம் பக்கமாகப் படம் போடும். வேண்டுதல் என்ற ஒரு சொல் போதும், ஊர் ஒன்றும் சொல்லாது.

அந்த இரண்டு இரவுகள் தவிர மற்ற நாட்களில் அதே புடவையோடு ஒருவர் திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து இறங்கினால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டுக் குழித்துறைக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார். சிறுவயதிலிருந்து மனசுக்குள் பூட்டி வைத்திருந்ததை இனிமேலாவது வாழ்ந்து பார்க்கலாம் என்று ஒரு துணிச்சல். வீட்டிலிருந்து சட்டை வேட்டியில்தான் கிளம்ப முடியும். திருவனந்தபுரத்துக்கு மருத்துவரைப் பார்க்கவோ, தன்னைப் போன்ற நாலு பேரைச் சந்திக்கவோ வருகிறார். பையில் ஒரு சேலை இருக்கிறது. அதை எங்கே உடுத்துவது? உடுத்திக்கொண்டு வந்துவிட்டால், சிறுநீர் கழிக்க எங்கே போவது?

இவரைப் போன்றவர்கள் இருக்கிறார்கள் என்பதையே நாம் ஒப்புக்கொள்வதில்லை. திருநங்கை என்றதும் பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடிவந்த பிள்ளைதான் நம் கண்முன் நிற்கிறது. ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தில் விஜய் சேதுபதி நடித்த ஷில்பா, மனைவியும் மகனும் இருக்கிற வீட்டுக்குச் சேலையில் திரும்பி வந்தபோதுதான், கல்யாணம் ஆனவர்களிலும் இப்படி உண்டா என்று பலர் கேட்டார்கள். உண்டு. அவர்களில் சிலர் தங்களைத் திருநங்கை என்றே சொல்கிறார்கள். சிலருக்கு அந்தப் பெயர்கூட வேண்டாம், வாரத்தில் ஒருநாள் சேலை கட்டிக்கொண்டால் போதும். இரண்டு கூட்டத்தாருக்கும் உடம்பு உண்டு, மூத்திரப்பை உண்டு, வயதானால் வரும் சர்க்கரையும் புரோஸ்டேட் தொல்லையும் உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்டால் இந்தப் பிரச்னையைப் பேசவே முடியாது.

நம் ரயில், பேருந்து நிலையங்களின் வழக்கமான அமைப்பு இரண்டு கதவுகள்தான். ஆண்கள் பக்கம் சேலையோடு போனால் கேலி, அதற்கு மேலும் நடக்கலாம். 2005-ல் வந்த ‘சாந்துபொட்டு’ என்ற மலையாளப் படத்தின் தலைப்பே கேரளத்தில் வசவாகிவிட்டது, அதைக் கேட்காமல் திரும்பினால் பாக்கியம். பெண்கள் பக்கம் போனால் உள்ளே இருக்கும் பெண்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். பெண் உடையில் புகுந்து வம்பு செய்பவன் எவனும் இல்லை என்று அவர்களிடம் யார் உத்தரவாதம் தருவது? ஆக, இவர்கள் செய்வது ஒன்றுதான்: வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை.

சட்டத்தில் குறைவில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு, மத்திய மாநில அரசுகள் திருநர்களுக்குத் தனிப் பொதுக் கழிப்பறை அமைக்க வேண்டும் என்றது. அதை எழுதிய இரு நீதிபதிகளில் ஒருவரான கே.எஸ். ராதாகிருஷ்ணன் மலையாளி. அடுத்த ஆண்டே, திருநர்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட முதல் மாநிலம் என்று கேரளம் பெயர் வாங்கியது. 2019-ல் வந்த பாதுகாப்புச் சட்டம், பொது இடத்தைப் பயன்படுத்தவிடாமல் திருநரைத் தடுப்பவருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை என்றது. 2020 செப்டம்பரில் வந்த விதிகள், கழிப்பறை போன்ற வசதிகளை இரண்டே ஆண்டில் செய்து முடிக்க வேண்டும் என்றன. அந்தக் கெடு 2022-ல் முடிந்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், இந்தச் சட்டம் ஏட்டளவில் கிடப்பதாக அரசுகளைக் கடிந்துகொண்டு, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு போட்டது. குழு போட்டால் கதவு வந்துவிடுமா என்பது வேறு விஷயம்.

ரயில்வேயின் கதை இன்னும் வேடிக்கை. மூத்த குடிமக்கள் சலுகை நடைமுறையில் இருந்தபோது ஆணுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்ணுக்கு 58 வயதில் 50 சதவீதம். 2017-ல் திருநர்களையும் சேர்த்தார்கள், ஆனால் ஆண் கணக்கில்: 60 வயது, 40 சதவீதம். 2020 மார்ச்சில் சலுகையே எல்லோருக்கும் போய்விட்டது, அந்த வகையில் சமத்துவம் வந்தது. பெண்கள் பெட்டியில் ஆண் ஏறினால் ரயில்வே சட்டம் 162-வது பிரிவில் அபராதம். ஆதாரில் ஆண் என்று இருக்கும் ஐம்பத்தெட்டு வயதுச் சேலைக்காரர், டிக்கெட் பரிசோதகர் முன்னால் என்ன சொல்வார்?

களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் நிலைமை கொஞ்சம் வேறு. 2008-லேயே நல வாரியம் கண்ட மாநிலம் தமிழ்நாடு. ஆதரவற்ற திருநங்கைக்கு 40 வயதிலிருந்தே மாத ஓய்வூதியம் தருகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களைப் போல இவர்களுக்கும் கட்டணமில்லை. மார்த்தாண்டத்தில் டவுன் பஸ்ஸில் மரியாதையாக ஏறியவர் எல்லை தாண்டியதும் வேறு ஆளாகிவிடுவதில்லை. ஆனாலும் கழிப்பறை விஷயத்தில் நம் நாகர்கோவிலும் மார் தட்டிக்கொள்ள முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? ‘மூன்றாம் பாலினத்தவர்’ என்று பலகை மாட்டி மூன்றாவது கதவு வைப்பதுதான் தீர்வு என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரறிந்த திருநங்கைக்கு அது உதவலாம். சொந்தக்காரர் எவராவது பார்த்துவிடுவார்களோ என்று நெஞ்சு படபடக்க வந்தவருக்கு, அந்தப் பலகைக்குக் கீழே நுழைவது ஒலிபெருக்கியில் அறிவித்ததற்குச் சமம். வெளிப்படையாக வந்தவர்களுக்கே சிக்கல்தான்: 2018 டிசம்பரில் சபரிமலைக்குப் புறப்பட்ட நான்கு திருநங்கைகளை வழியில் எருமேலியில் போலீஸ் நிறுத்தி, ஆண் உடையில் வரச் சொன்னது நினைவிருக்கும். விவகாரம் பெரிதாகி, பிறகு சேலையிலேயே தரிசனம் செய்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்குப் போராடும் திடம் இருந்தது. எல்லோரிடமும் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேண்டியது ஒருவர் மட்டும் உள்ளே போய்த் தாழிட்டுக்கொள்ளும் அறை. ‘யாரும் பயன்படுத்தலாம்’ என்று எழுதினால் போதும். உள்ளே நல்ல வெளிச்சம், உடை மாட்ட ஒரு கொக்கி, ஈரம் படாமல் பை வைக்க ஒரு தட்டு, கண்ணாடி. கட்டண வசூல் இருந்தால் எல்லோருக்கும் ஒரே கட்டணம். பக்கவாதம் வந்த கணவரை அழைத்து வரும் மனைவி ஆண்கள் கழிப்பறை வாசலில் தவித்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். ஐந்து வயது மகளோடு தனியாக வரும் தகப்பனுக்கும் இதே அவஸ்தை. இவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரே அறை பயன்படும். பெண்கள் கழிப்பறையும் பெண்களுக்கே இருந்துவிடும், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை இருக்கும் இடங்களில் அது பூட்டிக் கிடப்பதும் சாவி யாரிடமோ இருப்பதும் நாம் காண்கிற வழக்கம்தான். அதைத் திறந்து வைத்து, பக்கத்திலேயே இன்னொன்று கட்டினாலே பாதிப் பிரச்னை தீரும்.

இதற்குத் தம்பானூரைவிடப் பொருத்தமான இடம் தென்கோடியில் கிடையாது. 1931-ல் மகாராணி சேது லட்சுமி பாய் ஆட்சியில் திறந்த ரயில் நிலையம் ஒரு பக்கம், சாலையின் எதிர்ப்பக்கம் கேஎஸ்ஆர்டிசி மத்திய பேருந்து நிலையம். நாகர்கோவில்காரரும் நெய்யாற்றின்கரைக்காரரும் கொல்லம் போகிறவரும் கால் வைக்காமல் போகமுடியாத இடம். ரயில் நிலைய மறுசீரமைப்புத் திட்டமும் கையில் இருக்கிறது. வரைபடத்திலேயே இரண்டு அறைகளைச் சேர்த்துவிட்டால் செலவு பெரிதாகாது. கட்டி முடித்தபின் சுவரை இடித்துச் செய்வதானால் அதற்கொரு டெண்டர், அதற்கொரு ஐந்து வருஷம். கூடவே ரயில்வே போலீசாருக்கும் பேருந்து நிலையக் காவலர்களுக்கும் ஒரு உத்தரவு எழுத்தில் போகவேண்டும்: சேலை கட்டியிருக்கிறார் என்பதற்காக மட்டும் எவரையும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது, பையைத் திறக்கச் சொல்லக் கூடாது.

திருவனந்தபுரம் கோட்ட ரயில்வே மேலாளர், கேஎஸ்ஆர்டிசி நிர்வாகம், கேரள சமூகநீதித் துறை ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் முடிகிற காரியம் இது. தம்பானூர் வழியாகப் போய்வரும் தமிழர்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. அடுத்தமுறை அந்தப் பக்கம் போகும்போது 139-ஐ அழைத்து, எல்லோருக்கும் பொதுவான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால் அதைப் புகாராகப் பதிவு செய்து, எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.