சூடேறியதும் நல்ல பிள்ளையாகிவிடும் கார்



காலையில் ஸ்டார்ட் பண்ணி ஒழுங்கையை விட்டு வெளிக்கிடும்போது பழைய கார் "டப், டப்" என்று வெடிக்கும். ஹைலெவல் வீதியில் பத்து நிமிடம் ஓடினால் சத்தம் நின்றுவிடும். கராஜுக்குப் போய்ச் சேரும்போது அது நல்ல பிள்ளை. பாஸுக்கு ஒன்றும் கேட்காது. பிறகு "ப்ளக்கை மாத்திப் பார்ப்போம், கொயிலை மாத்திப் பார்ப்போம்" என்று பஞ்சிகாவத்தைக்கு அலைச்சல். காசு போகும், மறுநாள் காலையும் அதே சத்தம்.

எங்கள் கருத்து இதுதான்: ஆறிய எஞ்சினில் வரும் நோயைச் சூடான எஞ்சினில் பிடிக்க முடியாது. காரை முதல் நாள் மாலையே கராஜில் விட்டுவிடுங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டை பாஸே செய்யட்டும்.

கொழும்பில் ஏது குளிர் என்று கேட்பீர்கள். எஞ்சின் வேலை செய்யும் சூடு 90 பாகை செல்சியஸ் அளவு. இரவு முழுக்க நின்ற எஞ்சின் 25 பாகையில் இருந்தாலும் அதற்கு அது குளிர்தான். அந்த நேரம் பெற்றோல் சரியாக ஆவியாகாது. உள்ளே போகும் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் கூடுதல் பெற்றோல் தேவை. அது கிடைக்காவிட்டால் கலவை மெதுவாக எரியும். அடுத்த முறை உள்வால்வு திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருந்தால், அது பின்னுக்குப் பாயும்.

ஆகவே முதல் கேள்வி, சத்தம் எந்தப் பக்கம்? முன்னால், எயார் ஃபில்டர் பக்கம் என்றால் பெரும்பாலும் பெற்றோல் குறைவு அல்லது காற்றுக் கசிவு. காபரேட்டர் காரென்றால் சோக் மூடுகிறதா, வேக்கும் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்னால், சைலன்சர் பக்கம் என்றால் எரியாத பெற்றோல் அங்கே போய்ப் பற்றுகிறது. ப்ளக், ப்ளக் வயர், மழை ஈரம் பிடித்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, டைமிங், சைலன்சர் குழாய்க் கசிவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

இஎஃப்ஐ காரென்றால் ஒரு பொருளும் வாங்காமல் ஒரு சோதனை செய்யலாம். காலையில் ஸ்டார்ட் பண்ண முன்னர் ஸ்கேனரைப் போட்டு கூலன்ட் சூட்டைப் பாருங்கள். வெளிச் சூட்டுக்குக் கிட்ட இருந்தால் சரி. 80 என்று காட்டினால் சென்சர் பொய் சொல்கிறது. எஞ்சின் சூடாகிவிட்டதென்று நம்பி கம்ப்யூட்டர் பெற்றோலைக் குறைக்கிறது. சூடான பிறகு பார்த்தால் அதே 80 சரியான கணக்காகத் தெரியும்!

ஆசிரியர் கலாசாலையில் படித்த எங்களுக்கு இது புதிதல்ல. பிள்ளையின் கணக்கு பிழைத்தால் எந்தப் படியில் பிழைத்தது என்று கண்ட பிறகே பரிகாரக் கற்பித்தல். முழுப் பாடத்தையும் திரும்ப நடத்துவதில்லை.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. வரியோடு விலையைப் பார்த்தால் எங்களில் பலருக்கு இருக்கும் காரைக் காப்பாற்றுவதே வழி. சத்தம்தானே என்று விட்டால் எரியாத பெற்றோல் கெட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் கெடுத்துவிடும். அதோடு, யுத்த காலத்தையும் 2019 ஏப்ரலையும் கண்ட நகரம் இது. விடியற்காலை வெடிச் சத்தத்தில் பக்கத்து வீட்டு வயதானவர்கள் திடுக்கிட்டு எழும்புவதும் சின்ன விஷயமல்ல.

பாஸிடம் போக முன் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள்: சத்தம் எந்தப் பக்கம், ஸ்டார்ட் பண்ணி எத்தனை நிமிடத்தில் நிற்கிறது, அக்சலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா வருகிறது. எயார் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, செல்ஃப் அடிக்கும்போது காபரேட்டருக்குள் மட்டும் எட்டிப் பார்க்க வேண்டாம். நெருப்பு முகத்துக்கு வரும். காரணம் தெரியும்வரை ஒரு பொருளும் வாங்காதீர்கள்.