வாட்டம் கேட்க ஆளில்லை

புதுமனை கட்டுகிறவர்கள் வாசற்படி எந்தத் திசை என்று ஊரெல்லாம் கேட்பார்கள். கழிவுநீர்க் குழாய்க்கு எவ்வளவு வாட்டம் விட்டிருக்கிறது என்று கொத்தனாரிடம் கேட்டவர் அரிது. டைல்ஸ் ஒட்டிய பிறகு கேட்டால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

4 அங்குலக் குழாய்க்கு 40-க்கு 1 என்பது வழக்கமான கணக்கு. அதாவது 10 அடிக்கு 3 அங்குலம் இறங்க வேண்டும். இதைச் சரிபார்க்க டியூப் லெவல் போதும். ஆனால் தளத்தின் உயரம் இடிக்கிறது என்றதும் முதலில் பறிபோவது இந்த மூன்று அங்குலம்தான்.

பழைய வீட்டில் குழாய் மாற்றும் வேலை இன்னும் மோசம். துருவேறிய வார்ப்பிரும்புக் குழாயைப் பாதியில் அறுத்து, அதனோடு பிவிசியை இணைக்கிறார்கள். இரண்டுக்கும் பெயர் ‘நாலு இஞ்ச்’, அளவு ஒன்றல்ல. பிவிசியின் 110 மி.மீ. வெளிவிட்டம், வார்ப்பிரும்பின் 100 மி.மீ. உள்விட்டம். இணைப்பில் சாக்கைச் சுற்றி சிமென்ட் பூசினால் வேலை முடிந்தது. வழவழப்பான பிவிசியை சிமென்ட் பிடிப்பதில்லை. கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் பூக்கும்போது பிளம்பர் வேறு ஊரில் இருப்பார். ரப்பர் வளையம் வைத்த இணைப்பான் கடையில் கிடைக்கிறது. கேட்டு வாங்குவோர்தான் குறைவு. மழைநீருக்கும் காற்றுக்கும் உரிய மெல்லிய ‘ஏ’ வகைக் குழாயை, ‘பி’ வகை போட வேண்டிய கழிப்பறைக்குப் போட்டு மிச்சம் பிடிப்பதும் உண்டு.

நாற்றத்தின் கதை தனி. குளியலறைத் தரைவடிகாலின் நஹானி ட்ராப்பில் தேங்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குப் போட்ட தாழ்ப்பாள். மொட்டைமாடிவரை போகும் காற்றுக்குழாய் இல்லையென்றால், மேல்மாடியில் ஃப்ளஷ் செய்யும்போது அந்தத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுவிடலாம். புழங்காத குளியலறையில் அது தானே வற்றும். நாமோ பினாயில் வாங்குகிறோம். வருவது நாற்றம் மட்டுமல்ல. 2003-இல் ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300-க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் பரவியது. வற்றிப்போன தரைவடிகால் ட்ராப்புகள் கிருமிக்கு வழிவிட்டன என்று விசாரணையில் தெரியவந்தது.

விதி இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் 9-ஆம் பகுதி இதையெல்லாம் சொல்கிறது. ஆனால் அது பரிந்துரை. மாநிலங்கள் தங்கள் விதிகளில் சேர்த்துக்கொண்ட அளவுக்கே கட்டாயம். தமிழ்நாட்டில் சிறிய குடியிருப்புகளுக்குப் பணிநிறைவுச் சான்றே தேவையில்லை. வரைபடத்தில் பக்கத்து இடைவெளியை அளக்கிற அரசு, மண்ணுக்குள் போகும் குழாயைப் பார்ப்பதில்லை. எல்லா வீட்டுக்கும் ஆய்வாளரை அனுப்ப முடியாது என்பது நியாயம்தான். தேர்வு எழுதி உரிமம் பெற்ற பிளம்பர், மூடுவதற்கு முன் சோதித்துக் கையெழுத்திட்டால்தான் கழிவுநீர் இணைப்பு என்று சொல்லவாவது முடியுமே?

அதுவரை பொறுப்பு வீட்டுக்காரருடையது. பள்ளத்தை மூடும் முன் குழாயின் கீழ்முனையை அடைத்து, மேல்வரை தண்ணீர் நிரப்பச் சொல்லுங்கள். மட்டம் இறங்குகிறதா என்று கூடவே நின்று பாருங்கள். இறங்கினால் அன்றைய கூலியை நிறுத்திவையுங்கள்.