விடப்பட்ட பசுவும் விட்ட கையும்



2024 அக்டோபரில் ராஜஸ்தான் அரசின் கோபாலனத் துறை ஓர் ஆணை பிறப்பித்தது. தெருவில் திரியும் பசுக்களை இனி ‘ஆவாரா’ என்று எழுதக் கூடாது, ‘நிராஷ்ரித்’ அல்லது ‘பேசஹாரா’ என்றே குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆவாரா என்றால் ஊர்சுற்றி, தறுதலை. பசுவை அவ்வாறு அழைப்பது இழிவு என்று காரணம் கூறப்பட்டது. மொழியியல் பயின்றவன் என்பதால் அந்தச் செய்தியை முதலில் சிறு புன்னகையோடுதான் வாசித்தேன். பின்னர் அந்தப் புன்னகை நியாயமற்றது என்று பட்டது. வாயில்லா உயிரைத் திட்டுச்சொல்லால் அழைக்க வேண்டாம் என்று ஓர் அரசு கருதினால் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. எனக்குள்ள குறை வேறு.

‘ஆவாரா’ என்ற சொல் குற்றத்தைப் பசுவின் தலையில் வைத்தது. ‘நிராஷ்ரித்’ என்ற சொல்லோ அதை எவர் தலையிலும் வைப்பதில்லை. தமிழில் ‘கைவிடப்பட்ட பசு’ என்று சொல்லிப் பாருங்கள். அது செயப்பாட்டுவினை, வினைமுதல் மறைந்திருந்தாலும் ‘யாரால்?’ என்று கேட்பதற்கு அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது. ‘ஆதரவற்ற பசு’ என்று சொன்ன மாத்திரத்தில் அந்த இடமும் மூடிக்கொள்கிறது. ஆதரவின்மை என்பது கொம்பைப் போல, திமிலைப் போல, பசுவோடு கூடப் பிறந்த ஒரு தன்மை ஆகிவிடுகிறது. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தார் வழங்கும் ‘ச்சுட்டா’ என்ற சொல்லும் இந்த வகையில் சுவையானது. (சில்லறைக் காசுக்கும் அங்கே அதுவே பெயர்.) இந்தியில் ‘ச்சோட்னா’ என்பது பிறவினை: ஒருவர் ஒன்றை விடுவது. ‘ச்சூட்னா’ தன்வினை: ஒன்று தானே விடுபட்டுப் போவது. ‘ச்சுட்டா’ இந்த இரண்டாவது வினையின் பக்கத்தைச் சேர்ந்தது. விட்ட கை அந்தச் சொல்லில் இல்லை.

இது வெறும் இலக்கண விளையாட்டு அன்று என்பதை எனக்கு உணர்த்தியவர் மதுரா மாவட்டத்தில், கோவர்த்தனத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் வாழும் முதியவர். பிரஜ் பேச்சுமொழியின் வினைச்சொற்களைப் பதிவுசெய்வதற்காக ஒரு குளிர்காலத்தில் அங்கே தங்கியிருந்தேன். ஊரார் அழைப்பது போலவே நானும் அவரைப் பாபா என்று அழைத்தேன். கோதுமை முழங்காலளவு வளர்ந்திருந்த காலம். இரவு முழுவதும் கைவிளக்கும் தடியுமாக அவர் வயலில் காவல் இருப்பார். கூட்டமாக வரும் மாடுகள் ஒரே இரவில் அரைக்காணி பயிரைத் தின்று தீர்த்துவிடும். ஒரு விடியற்காலையில் கம்பிவேலியின் கூரிய தகடு கிழித்து, தோளில் ஆழமான வெட்டோடு ஒரு பசு அவர் வாசலில் வந்து நின்றது. பாபா உள்ளே போய் மஞ்சளும் கடுகெண்ணெயும் குழைத்து எடுத்துவந்து காயத்தில் பூசினார். மருமகளை அழைத்து அன்றைய முதல் ரொட்டியைக் கொடுக்கச் சொன்னார். “ராத்திரி தடியால் விரட்டியதும் இதைத்தான் மகனே” என்று அவரே சிரித்தார். அதன் வலக்காதில் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கிழிசல் இருந்தது. நாடெங்கும் மாடுகளுக்குப் பொருத்தப்படும் மஞ்சள் வில்லையும் அதிலுள்ள 12 இலக்க எண்ணும் உடையவர் யாரென்று காட்டிக்கொடுக்கும். எனவே விடும் முன் வில்லையைப் பிய்த்துவிடுவார்கள் என்றார் பாபா.

பின்னொரு நாள், ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கையில், அவருடைய சொந்த மாடுகளைப் பற்றிக் கேட்டேன். ஒரு பசுவும் ஓர் எருமையும் நிற்கின்றன. முந்தைய ஆண்டு பிறந்த இரண்டு காளைக்கன்றுகள்? “அவை விடுபட்டுப் போயின” என்றார். ‘ச்சூட் கயே’. தன்வினை.

அவரைக் குற்றவாளியாக்குவது என் நோக்கமன்று. கணக்கைப் பார்ப்போம். பசுவின் ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். பால் வற்றிய பிறகும் அது பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். ஏர் இழுத்த காளையின் இடத்தை டிராக்டர் எடுத்துக்கொண்டது. ஆனால் பால் வேண்டுமானால் பசு ஈன வேண்டும். ஈன்றால் ஏறக்குறையப் பாதிக் கன்றுகள் ஆண். முன்னர், வற்றிய மாட்டைச் சந்தையில் விற்று, அந்தப் பணத்தோடு மேலும் கொஞ்சம் சேர்த்து அடுத்த மாட்டை வாங்குவார்கள். அது எங்கே போகும் என்பதை விற்றவர் கேட்கமாட்டார். அந்த மௌனம் அறம் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். அந்த வழி அடைபட்டது. 2017 ஏப்ரலில், ஜெய்ப்பூர்ச் சந்தையில் மாடு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெஹ்லு கான் என்ற பால் விவசாயி ஆல்வாரில் மறித்துத் தாக்கப்பட்டு இறந்தார். மாட்டை வண்டியில் ஏற்றவே அஞ்சும் நிலை வந்தபின் விற்பது எப்படி? 2018 டிசம்பர் இறுதியில் அலிகர், ஆக்ரா பகுதிகளில் பயிரைக் காக்க வழியறியாத விவசாயிகள் மாடுகளை ஓட்டிவந்து அரசுப் பள்ளிகளுக்குள் அடைத்துப் பூட்டினார்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் தெருமாடுகள் சுமார் 50 லட்சம். அவற்றில் ஏறத்தாழப் பாதி ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் என்ற இரு மாநிலங்களில் மட்டும். 2012ஐ ஒப்பிட நாடு முழுவதற்குமான எண்ணிக்கை சற்றே குறைந்திருக்க, உத்தரப் பிரதேசத்தில் அது கூடியிருந்தது.

எருமையை அங்கே தெருவில் பார்ப்பது அரிது. பாலில் பெரும்பங்கு தரும் அந்த விலங்குக்குப் புனிதமும் இல்லை, தெருவாழ்வும் இல்லை. அதன் முடிவைப் பற்றிப் பேசும் சொல்லும் நம்மிடம் இல்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? உத்தரப் பிரதேசத்தின் 1955ஆம் ஆண்டுப் பசுவதைத் தடுப்புச் சட்டத்தில் 2020இல் செய்த திருத்தத்தின்படி, பசுவைக் கொன்றால் 10 ஆண்டுவரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய்வரை அபராதம். பசுவைப் பட்டினியில் வாடும்படி கைவிடுவதும் குற்றமே. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அதைத் தெளிவாகச் சொல்கிறது. முதல்முறை செய்தால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மேற்படாமல்! காப்பகத்தில் உள்ள ஒரு மாட்டுக்கு உத்தரப் பிரதேச அரசு முதலில் நாளொன்றுக்கு 30 ரூபாய் தந்தது. 2023இல் அதை 50 ஆக உயர்த்தியது. ஆகப் பசுவை முதல்முறை கைவிடுவதற்கு அந்தப் பிரிவு விதிக்கும் உச்ச அபராதம் அதன் ஒரு நாள் தீவனம். சட்டத்தின் கண்ணிலும் விட்ட கை தென்படவில்லை.

இங்கே என் துறைத் தோழர்கள் சிலர் குறுக்கிடுவார்கள்: ‘இந்துக் கருணை’ என்பதே அரசியல் போர்வை, பொருளாதாரத்தைப் பேசினால் போதும், கருணையைப் பேசாதே என்பார்கள். நான் உடன்படவில்லை. கோவர்த்தனத்துக்கு அருகிலுள்ள ராதாகுண்டத்தில் ஃப்ரீடரிக்கே இரினா ப்ரூனிங் என்ற ஜெர்மானியப் பெண்மணி, சுதேவி மாதாஜி என்று ஊர் அழைக்கும் அவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பசுக்களைப் பேணுகிறார். 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். அவரிடம் வருபவை பாதிக்கு மேல் பிழைக்காதவை போலத் தோன்றும்: கண்ணிழந்தவை, வண்டி மோதிக் கால் ஒடிந்தவை, நெகிழிப்பை தின்று வயிறு உப்பியவை. அந்த உழைப்புக்கு மானியக் கணக்கில் விளக்கம் கிடையாது. கண்ணன் மேய்த்தவை இவை, ஆகவே இவற்றுக்குச் செய்வது அவனுக்குச் செய்வது என்ற நம்பிக்கைதான் விளக்கம். பாபாவின் மஞ்சளும் அதே ஊற்றிலிருந்து வந்தது. இந்தக் கருணையை ஆல்வார் நெடுஞ்சாலையில் நின்றவர்களோடு சேர்த்து ஒரே பெயரில் அடைப்பது ஆய்வுச் சோம்பல். சாணத்தை அள்ளுகிறவரும் தடியை ஓங்குகிறவரும் ஒரே முழக்கத்தை எழுப்பலாம். செய்யும் வினை வேறு.

ஆயினும் அந்தக் கருணையிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலில் வைத்தார். தொடர்புடையார்மேல் செல்வது அன்பு, தொடர்பு கருதாது எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்று உரைமரபு பிரித்துச் சொல்லும். தொழுவத்துப் பசு அன்புக்குரியது, தெருப்பசு அருளுக்குரியது. நாம் செய்வது என்னவென்றால், அன்புக்குரிய உயிரைப் பால் வற்றிய நாளில் தொழுவத்திலிருந்து இறக்கித் தெருவில் விட்டுவிட்டு, மறுநாள் காலை அதன்மேல் அருள் பொழிகிறோம். பசுவுக்கு நாம் கொடுக்கும் துறவு இது. ரொட்டி கொடுப்பவருக்குப் புண்ணியம் உடனே சேர்ந்துவிடுகிறது. பசு அந்தியில் மீண்டும் குப்பைமேட்டுக்குப் போகிறது.

இந்த முரணைக் காந்தி ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே எடுத்துப் பேசினார். 1925இல் அகில பாரத கோரக்ஷா மண்டலத்தைத் தொடங்கியபோது அவர் வற்புறுத்தியது பிறரைத் தடுப்பதையன்று. இந்துக்கள் தம் சொந்த மாடுகளை நடத்தும் விதத்தை மாற்றுவதை. கோசாலை என்பது முதிய மாடுகளின் அடைப்பிடமாக மட்டும் இராமல் நல்ல பால்பண்ணையாகவும், இயற்கையாக இறந்த மாட்டின் தோலைப் பதனிடும் கூடமாகவும் இருக்க வேண்டும், அப்போதுதான் அது தன் காலில் நிற்கும் என்றார். பசுவைத் தாய் என்று சொல்லிவிட்டு, அதன் இறந்த உடலைத் தொடும் வேலையை ஒரு சாதியின் மேல் சுமத்தி, தொட்டதற்காக அவர்களையே ஒதுக்கிய சமூகத்திடம் தோலைப் பற்றிப் பேசுவது எளிய செயலாக இருந்திருக்காது. அந்தப் பகுதியை நாம் வசதியாக மறந்துவிட்டோம்.

பாலின் விலையிலேயே முதுமையையும் சேர்ப்பது நடவாத காரியம் என்பார்கள். பிரிட்டனில் கிருஷ்ண பக்தர்களின் முயற்சியாகத் தொடங்கிய ‘அஹிம்சா’ பால்பண்ணை அதைச் செய்திருக்கிறது. அங்கே எந்தக் கன்றும் கொல்லப்படுவதில்லை, காளைகள் உழைக்கின்றன, வற்றிய பசுவின் எஞ்சிய ஆயுளுக்கான தொகை பாலின் விலையில் அடங்கியிருக்கிறது. அதனால் அந்தப் பால் கடைப்பாலைவிடப் பன்மடங்கு விலை. வாங்குவோர் குறைவு, ஆனால் வாங்குகிறவருக்குத் தாம் எதற்குப் பணம் தருகிறோம் என்று தெரியும். நம் நாட்டில் அவ்வளவு விலை வைத்தால் ஏழைக் குழந்தைக்குப் பால் எட்டாது. ஆனால் லிட்டருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்? மாட்டை விடாமல் வைத்திருக்கும் விவசாயிக்கு அந்தத் தொகை நேரே போய்ச் சேர்ந்தால், பாபாவின் கன்றுகள் ‘விடுபட்டு’ப் போக வேண்டியதில்லை. சுமை அவர் ஒருவர்மேல் மட்டும் ஏன்? பாலைக் குடித்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலும் மாடுகள் திரிகின்றன. நூலக வாசலில் படுத்திருக்கும் செவலையைப் படம் எடுத்துப் பகிராத மாணவர் இல்லை. விடுதி உணவுக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்: நாம் வாங்கும் பாலில் லிட்டருக்கு இரண்டு ரூபாய் கூடுதலாக ஒதுக்கி, அந்தப் பாலை நமக்குத் தரும் கிராமத்தில் வற்றிய மாட்டையும் காளைக்கன்றையும் விடாமல் வைத்திருக்கும் வீடுகளுக்குத் தர வேண்டும், எந்த மாட்டுக்கு எவ்வளவு என்ற கணக்கை, காதுவில்லை எண்ணோடு, மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கூட்டம் அடுத்த வாரம். இரண்டு ரூபாய் அதிகம் என்று ஏற்கெனவே இருவர் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தினமும் காலையில் செவலைக்கு ரொட்டி கொடுப்பவர்.